மூன்று குத்தில் படித்த புத்தகம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதும் கடிதம். இங்கே நான், என் வீட்டுக்காரி, பருப்பு மண்டி, மண்டியில் அடுக்கி வைத்திருக்கும் மூட்டைகள் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் இருமல் தேவலையா? உன் கால் எப்படி இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு கடிதத்திலும் நான் கேட்டதில்லை என்பது இந்த வரியை எழுதும்போதுதான் தெரிகிறது. இப்போதும் கேட்கவில்லை. அது பின்னால் வரும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். "என் புத்தகத்தில் அந்தப் பையன் யாரோ ஒரு அனாதைப் பையன். படத்தில் அவன் எனக்குக் கூடப்பிறந்த தம்பியாக வருகிறானாமே, யார் மாற்றியது? நீ சொல்லியிருக்க மாட்டாய்." இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாள் காலையிலிருந்து மூன்று தடவை பேனாவை எடுத்தேன். முதல் தடவை, படம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறது, நீ போகாதே, சத்தம் சரியில்லை, சீட்டெல்லாம் கிழிந்திருக்கிறது என்று எழுதினேன். உங்கள் ஊர் தியேட்டர் சீட்டு கிழிந்திருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய் என்று தோன்றியதால் கிழித்துப் போட்டேன். இரண்டாவது தடவை பழியை டைரக்டர் மேல் போட்டேன். அதையும் கிழித்தேன். இது மூன்றாவது. என் வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு கண்ணை இந்தக் காகிதத்தின் மேல் வைத்திருக்கிறாள். அதனால் உண்மையைத்தான் எழுதியாக வேண்டியிருக்கிறது.

மாற்றியது நான்தான் அக்கா.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் புத்தகத்தின் முதல் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தாய். முதல் பக்கத்தில் "தம்பிக்கு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாய். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் விலைப்பட்டியலைத் தவிர வேறு எதையும் தொடர்ந்தாற்போல இரண்டு பக்கம் படித்தவனில்லை. அதை நீயும் அறிவாய். எங்கள் தொழிலில் மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்ப்பது கிடையாது. குத்தூசி என்று ஒன்று வைத்திருப்போம். கூரான முனை, உள்ளே பள்ளம். மூட்டையின் தலையில் ஒரு குத்து, இடுப்பில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்று கைப்பிடி பருப்பு வெளியே வரும். உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்தால் மூட்டை முழுக்கத் தெரிந்துவிடும். நாற்பது வருஷமாக நான் இப்படித்தான் வாங்குகிறேன், ஏமாந்ததில்லை. உன் புத்தகத்தையும் அப்படியே குத்திப் பார்த்தேன்.

தலையில் குத்தினால், யுத்த காலம், சங்கு ஊதுகிறது, குண்டு போட விமானம் வருகிறது, கதை சொல்கிறவளின் அம்மா காய்ச்சலில் கிடக்க, பதின்மூன்று வயசுப் பையன் ஒருவன் அவளை முதுகில் சுமந்துகொண்டு ரொட்டிக்கடைக்கு அடியில் இருக்கும் நிலவறைக்குப் படியிறங்குகிறான். இடுப்பில் குத்தினால், அதே பையன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், நிலவறையில் கூட இருக்கும் குடை ரிப்பேர்க்காரர் அந்த வெளிச்சத்தில் கம்பி மாட்டுகிறார். அடியில் குத்தினால், கடைசிப் பக்கம், "அவன் கொண்டுவந்த பருப்பு இல்லையென்றால் எங்களில் ஒருவரும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டோம்." மூன்று கைப்பிடியும் முத்து முத்தாக இருந்தன. அம்மாவை முதுகில் சுமந்தவன் யார்? நான். விளக்குப் பிடித்தவன் யார்? நான். பருப்பு கொண்டுவந்தவன் யார்? நானேதான். அக்கா என்னை வைத்து ஒரு புத்தகமே போட்டுவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுக்கப் படித்தேன், கண்ணீர் வந்தது என்று உனக்கு எழுதினேன். நீ உடனே பதில் எழுதினாய். "நிஜமாகவே முழுக்கவா? உனக்கு என் மேல் கோபம் இல்லையா?" என்று கேட்டிருந்தாய். கோபமா, பெருமையாக இருக்கிறது என்று எழுதினேன். அதற்கு நீ, "உன் மனசு இவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டி வைத்திருந்தேன். இப்போது இறக்கிவிட்டேன்.

போன வருஷம் மொட்டைத்தலை டைரக்டர் மண்டிக்கு வந்தார். நிலவறைக் காட்சி எடுக்க என் பழைய கிடங்கு வேண்டுமாம். பேசிக்கொண்டிருந்தபோது நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

"அந்தப் பையன் யாருன்னு தெரியுமா சார்? நான்தான்."

அவர் டீ தம்ளரைக் கீழே வைத்தார். "கதையில அனாதைப் பையன், திக்குவாய்னு இருக்கே சார்?"

"அதெல்லாம் எழுத்துல. நிஜத்துல அவங்க தம்பி. நான்."

"அவன் செய்யறது எல்லாமேவா?"

"அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் நான்தான்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு தைரியமா ஒத்துக்கற ஆளை என் வாழ்க்கையில பார்த்ததில்ல சார்" என்றார். என்னடா, அம்மாவைத் தூக்கியதை ஒத்துக்கொள்ள என்ன தைரியம் வேண்டியிருக்கிறது என்று அப்போதாவது எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சினிமாக்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கொடுமை. படப்பிடிப்பு இருபத்திரண்டு நாள். தினமும் கல்லாவை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுக் கிடங்கில் போய் நின்றேன். நானாக நடிக்க வந்த பையன் நல்ல சுட்டி, சொன்னதைப் பிடித்துக்கொள்வான். நான் நடக்கிற மாதிரி தோளைச் சாய்த்து நடக்கக் கற்றுக்கொடுத்தேன். பேரம் பேசும்போது நான் இடது காதுமடலை இழுத்துவிட்டுக்கொள்வேன் இல்லையா, அதைக் கற்றுக்கொடுத்தேன். யாராவது விலை கேட்டால் "நீங்க ஒரு விலை சொல்லுங்க, நான் சிரிக்கறேன்" என்று நான் சொல்வது மண்டி முழுக்கப் பிரசித்தம். அதையும் அவன் வாயில் போட்டேன். அது போதாதென்று, டைரக்டர் சார், நிஜத்தில் குடை ரிப்பேர்க்காரர் இல்லை, கடிகார ரிப்பேர்க்காரர், இன்னும் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொடுத்து, எண்பது தாண்டிய அந்த மனுஷரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கண்ணில் லென்ஸை எப்படிச் செருகுவது என்று நடிகருக்குக் காட்டச் சொன்னேன். அவர் வந்தார். காட்டினார். எதுவும் கேட்கவில்லை. போகும்போது, "புத்தகம் நானும் படிச்சேன்" என்று மட்டும் சொன்னார். நல்லா இருக்கில்ல என்றேன். "நேரம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடிகாரக்காரர், அவர் பாஷை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா, நீ ஒரு ஆளை மூன்று போர்வை போட்டு மூடி வைத்திருந்தாய். அனாதையாக்கினாய், திக்குவாயாக்கினாய், கடிகாரத்தைக் குடையாக்கினாய். நான் ஒவ்வொரு போர்வையாக உருவி, மடித்து, ஓரமாக வைத்துவிட்டு, கீழே கிடந்தவனுக்கு என் சட்டையையும் போட்டுவிட்டேன்.

படம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியை முழுக்க நான் எடுத்துக்கொண்டேன். மண்டிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், தராசு ரிப்பேர் செய்கிறவர், வங்கி மேனேஜர், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், ஒருத்தர் பாக்கியில்லை. தியேட்டர் வாசலில் துணியில் எழுதிக் கட்டியிருந்தேன்: "எங்கள் மண்டி தந்த மாவீரனின் உண்மைக் கதை." எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். அதை இன்னும் அவிழ்க்கவில்லை. தியேட்டர் மேனேஜரிடம் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டேன். இருக்கட்டும் சார், கூட்டம் வருது என்கிறார்.

நான் நடு வரிசையில், புதுச் சட்டையில், மண்டிச் சாவிக்கொத்தைக் கையில் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் வீட்டுக்காரி, வலது பக்கம் கடிகாரக்காரர். அவர் பக்கத்தில் உட்காருவதுதான் மரியாதை என்று நானே இழுத்துவந்து உட்காரவைத்தேன். பின்வரிசையில் சர்க்கரை மண்டிக்காரர். அம்மாவை முதுகில் தூக்கும் காட்சியில் கைதட்டல் காதைப் பிளந்தது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். உட்காருங்க, மறைக்குது என்றார்கள், உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பையன் தனியாக ஒரு சந்துக்குள் போகிறான். ராணுவத்துக்குச் சாமான் ஏற்றும் லாரி நிற்கிறது. லாரிக்காரன் என்ன வேணும் என்கிறான். பையன் காதுமடலை இழுக்கிறான். தியேட்டரில் விசில். "நீங்க ஒரு விலை சொல்லுங்க, நான் சிரிக்கறேன்." அவன் சொல்வதற்கு முன்னாலேயே முந்நூறு பேரும் சேர்ந்து சொன்னார்கள் அக்கா, கோரஸாக, பிள்ளைகள் உட்பட. சிரிப்பு அடங்குவதற்குள் பையன் சட்டைக்குள் கையை விட்டு ஒரு ஜோடி பூட்ஸை எடுத்தான்.

பழுப்பு நிறம். நாடா கட்டுகிற பூட்ஸ். அப்பா போர்முனைக்குப் போவதற்கு முந்தின நாள் உனக்கு வாங்கிக் கொடுத்தது.

சொன்னால் நம்பமாட்டாய், அதுவரை அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. ஞாபகம் இல்லை என்பது பொய். அது ஒரு இடத்தில் இருந்தது, அந்தப் பக்கம் நான் போவதில்லை, அவ்வளவுதான். முந்நூறு பேரோடு சேர்ந்து ஒரேயடியாக அங்கே போய் நின்றேன். பையன் பூட்ஸைக் கொடுப்பதற்கு முன்னால் நாடா இரண்டையும் உருவிக்கொள்கிறான். லாரிக்காரன், நாடா எங்கேடா என்கிறான். "பேசினது பூட்ஸுக்கு. நாடா தனி" என்கிறான் பையன். முன்வரிசையில் யாரோ, "அப்படியே நம்மாளுதான்யா" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இடைவேளை விட்டார்கள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் டீ தம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை மண்டிக்காரர் மட்டும் வந்தார். தித்திப்பு விற்கிறவர் இல்லையா, வாயில் அதுதான் வரும்.

"அண்ணே, பையன் ரொம்பத் தத்ரூபமா நடிச்சிருக்கான். யாரையோ பார்த்த மாதிரியே இருக்கு. யாருன்னுதான் பிடிபடல."

தலைவலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். "மீதியையும் பார்த்துட்டுப் போலாம்" என்றாள். அந்தக் குரலுக்கு மேல்முறையீடு கிடையாது.

மீதியை நீ எழுதியிருக்கிறாய், உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் என் கையால் எழுத வேண்டும் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். பையன் அரை மூட்டைப் பருப்பைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நிலவறைக்கு வருகிறான். ரோட்டில் கிடந்தது, லாரியிலிருந்து விழுந்தது என்கிறான். எல்லாரும் அவனைக் கட்டிக்கொள்கிறார்கள். அக்கா மூட்டையின் வாயை அவிழ்க்கிறாள். கட்டியிருப்பது அவள் பூட்ஸ் நாடா. அவள் பேசுவதற்குள் அந்தப் பக்கம் அம்மா பெட்டியைத் திறந்து, பூட்ஸைக் காணோமே, இவள் விடிந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்திரமாகக் கூட்டிப் போக வேண்டியவளாயிற்றே, ரோடு முழுக்க உடைந்த கண்ணாடியாயிற்றே என்று கத்துகிறாள். யார் எடுத்தது, யார் எடுத்தது என்கிறார்கள். பையன் காதுமடலை இழுத்துவிட்டுக்கொண்டு, "கடிகார மாமா பெட்டிக்கிட்ட நின்னதைப் பார்த்தேன்" என்கிறான்.

நான்தான் சொன்னேன். அவரை நிலவறையைவிட்டு மேல்படிக்கு அனுப்பினார்கள். குண்டு விழுகிற ஊரில், காற்றடிக்கிற படியில், பதினோரு நாள் அவர் உட்கார்ந்திருந்தார். நீ நாடாவைக் கோட்டுப்பைக்குள் போட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. எனக்காகத்தான் திறக்கவில்லை. புத்தகத்தில் அதற்கு உன்னையே நீ நாலு பக்கம் திட்டிக்கொண்டிருக்கிறாய். அது அநியாயம். அந்தப் பாரமும் என் மூட்டையில் சேர்ந்ததுதான். விடிந்ததும் சாக்குத்துணியைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மேல் பிள்ளைகளோடு நடந்தாய். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. படத்தில் அந்த நடிகை திரும்பி வருகிறாள், வலது காலை வெளிப்பக்கம் வீசிப்போட்டு, இரண்டு பக்கமும் ஆடி ஆடி. தியேட்டரில் வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்கும் தெரியும். இருட்டில் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"உங்க அக்காவுக்கு வாத்துன்னு பேர் வெச்சது யாரு?"

நான்தான் அக்கா. நாற்பத்தெட்டு வருஷமாக. உன் கல்யாணத்தில் மாமா வீட்டார் எதிரே கூப்பிட்டேன். உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன வருஷம் ஸ்டேஷனில் நீ ரயிலைவிட்டு இறங்கி வந்தபோது, "வாத்து வருது, வழி விடுங்க" என்று போர்ட்டரிடம் சொன்னேன். நீ சிரித்தாய். ஒவ்வொரு தடவையும் நீ சிரித்தாயே, அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கடிகாரக்காரர் எழுந்து, என் தோளைப் பிடித்து நிதானப்படுத்திக்கொண்டார். மண்டியே வாசலில் நின்று பார்க்கிறது. பெரியவரே, நான் அன்னைக்கு, என்று ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொஞ்சம் லேட்டா ஓடுது. ஓடுதே, அது போதும்."

அப்புறம் என் தோளை விடாமலே, ஒவ்வொரு படியாக, என்னோடுதான் இறங்கினார். அவரை நான் அனுப்பிய மேல்படி ஞாபகத்துக்கு வந்து, தியேட்டரின் எல்லாப் படியும் முடியும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. கீழே போனதும், நாளைக்குக் கடைப்பக்கம் வா, உன் கடையில் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரம் எட்டு வருஷமாகப் பத்து நிமிஷம் முந்திப் போகிறது, எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். ம் என்று கேட்டுக்கொண்டார். கடிகாரத்தைப் பின்பக்கம் திறந்து எனக்குக் காட்டி, உள்ளே பருப்புத் தூசி, எப்படி ஓடும் என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீட்டுக்காரி, "அந்த அரை மூட்டையை நிலவறையில எல்லாருமாச் சேர்ந்து ஒரு பருப்பு விடாமக் காய்ச்சிக் குடிச்சுட்டாங்களே" என்றாள். ஆமாம் என்றேன். "ரோட்டில கண்டெடுத்த அரை மூட்டையை வெச்சுத்தான் வியாபாரம் ஆரம்பிச்சேன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றீங்களே, அது எந்த அரை மூட்டை?" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான், எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போவாள். தலைவலி என்று சொன்னேன்.

திங்கள் காலை மண்டிக்குப் போனேன். இருபது வருஷமாக மூன்று குத்தோடு வாங்கிப் போகிற வாடிக்கைக்காரர் ஒருத்தர், "தப்பா எடுத்துக்காதீங்க, மூட்டையைக் கொட்டியே பார்த்துடறேன்" என்றார். கொட்டிப் பார்த்தார். அடிவரை கையைவிட்டு அளைந்தார். நல்ல சரக்குத்தான். நல்ல சரக்கு என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை அளைந்தார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. கதவைப் பாதி இறக்கிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உன் புத்தகத்தைத் தலையிலிருந்து அடிவரை, குத்தாமல், கொட்டிப் படித்தேன். மறுநாள் சாயங்காலம்தான் முடிந்தது. எங்கள் தொழிலில் மேலே நல்லதை வைத்து நடுவில் மட்டத்தைச் செருகுகிற ஆட்கள் உண்டு. நீ வேறு மாதிரி செய்திருக்கிறாய். அந்தப் பையன் செய்த கேவலத்தைச் சுற்றி, எங்கே குத்தினாலும் அவனிடமிருந்து ஒரு நல்லது வருகிற மாதிரி அடுக்கியிருக்கிறாய். மூன்று குத்தில் நான் ஏமாந்தது என் தப்பில்லை, உன் அடுக்கு அப்படி என்று எழுத நினைத்தேன். வீட்டுக்காரி தலையை ஆட்டுகிறாள். சரி, என் தப்புத்தான்.

அதனால் அக்கா, வெள்ளிக்கிழமை படத்துக்குப் போ. மாமாவையும் கூட்டிப் போ. அந்தப் பையன் யார் என்று உன் ஊரில் யாராவது கேட்டால், என் தம்பி என்று சொல். இனி மூட வேண்டாம். உன் பக்கத்தில் ஒரு சீட்டை எனக்குப் போட்டு வைப்பாயானால் அதற்கு முந்தின நாள் ரயிலில் வருகிறேன். வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு, புரிந்துகொள்வேன். வாத்து என்ற சொல்லை என் வாயிலிருந்து இனி நீ கேட்கமாட்டாய். குளத்தில் நிஜ வாத்தைப் பார்த்தாலும் சும்மா இருப்பேன்.

இதனுடன் ஒரு பார்சல் வருகிறது. பழுப்பு நிறப் பூட்ஸ், நாடா கட்டுவது. மூன்று ஜோடி வைத்திருக்கிறேன், மூன்று அளவு. கடைக்காரன் அளவு என்ன என்று கேட்டபோதுதான் தெரிந்தது, நாற்பத்தெட்டு வருஷம் உன் நடையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் காலைப் பார்த்ததில்லை. உனக்குப் பொருந்துவதை வைத்துக்கொள். பொருந்தாத இரண்டையும் திருப்பி அனுப்பாதே, யாருக்காவது கொடு. நான் வாங்கி விற்காத பொருள் என்று அந்த இரண்டு ஜோடியாவது இருக்கட்டும்.

ஆக, இருந்ததெல்லாம் சொல்லிவிட்டேன். மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டேன், உள்ளே ஒரு பருப்பு மிச்சமில்லை. மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்று எழுதி முடிப்பதுதான் முறை. எப்போதும் யோசிக்காமல் எழுதுகிற வரி. இன்று கை நிற்கிறது. நேரில் வந்து, நீ விட்டால், தொடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: வீட்டுக்காரி வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போயிருக்கிறாள். அவசரமாக எழுதுகிறேன். மேலே ஒரு பருப்பு மிச்சமில்லை என்று எழுதியது சரியில்லை. புத்தகத்தில் நூற்று அறுபத்து நாலாம் பக்கத்தில், ஒரு நாடா கிடைத்தது, இன்னொன்றை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். லாரிக்காரன் கொடுத்தது அரை மூட்டை இல்லை அக்கா. முழு மூட்டை. பதின்மூன்று வயசில் தூக்க முடியாமல்தான் இரண்டாகப் பிரித்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடா கட்டினேன். ஒரு பாதியை நிலவறைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, இன்னொரு பாதியையும் கொண்டுவரத்தான் திரும்பிப் போனேன். சத்தியமாக நிலவறைக்குக் கொண்டுவரத்தான். வழியில் ஒருத்தன், அது என்ன விலை என்று கேட்டான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதுமடலை இழுத்துக்கொண்டு, நீங்க ஒரு விலை சொல்லுங்க, நான் சிரிக்கறேன் என்றேன். இந்த மண்டி அங்கே ஆரம்பித்தது. நிலவறையில் ஆளுக்கு அரைக் குவளை பருப்புத் தண்ணீர் என்று நீ அளந்து ஊற்றிய நாட்களில் நான் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியிருக்கும் அந்த வரியை, அடுத்த பதிப்பு வந்தால், எடுத்துவிடு. நீ தேடிய அந்த இன்னொரு நாடாவில்தான் இத்தனை வருஷமும் மண்டிச் சாவியைக் கோத்து வைத்திருந்தேன். இன்று காலை அவிழ்த்தேன். வலது பூட்ஸுக்குள் வைத்திருக்கிறேன், பார்சலைப் பிரிக்கும்போது உதறிவிடாதே.